நட்டு போல்ட்டு: ரிப்பேர் பண்ணினாதான் ஜெயில்!

பாஸ், ஒரு சின்ன கற்பனை. செமஸ்டர் லீவு. உசிலம்பட்டி பக்கமோ மேலூர் பக்கமோ உங்க தாத்தா வீடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும், "பரணைக் கொஞ்சம் ஒதுங்க வையி ராசா"ன்னு அப்பத்தா சொல்லிட்டாங்க. ஏறிப் பார்த்தா ஓட்டை அண்டா, உடைஞ்ச பெட்ரோமாக்ஸ் லைட்டு, அதுக்கு அடியில சாக்கு சுத்தி மூணே முக்கால் அடி நீளத்துல ஒரு சமாச்சாரம். பிரிச்சா... துப்பாக்கி!

இல்லேன்னா இப்படி வச்சுக்குவோம். பழைய பைக்குக்கு சைலன்சர் தேடி காயலான் கடைக்குப் போயிருக்கீங்க. கடைக்காரர் குரலைத் தாழ்த்திப் பேசுறார்.

"தம்பி, உள்ள ஒரு சாமான் கெடக்கு. வெள்ளைக்காரன் காலத்து மிலிட்டரி ரைபிள். துருப்பிடிச்சுப் போச்சு, சுடாது. நீங்கதான் மெக்கானிக்கல் படிக்கிற புள்ளையாச்சே... தட்டிக் கொட்டி ரெடி பண்ணி ஹால்ல மாட்டுங்க. அஞ்சாயிரம் குடுங்க, போதும்."

"அண்ணே, இதெல்லாம் வாங்கலாமாண்ணே?"

"அட, பழைய இரும்பு தம்பி! இதுக்குப் போயி..."

கை பரபரங்கும்தானே? நமக்கெல்லாம் ஓடாத எதைப் பார்த்தாலும் ஓட வைக்கணும். மிக்ஸி, ரேடியோ, டிவிஎஸ் 50 எல்லாமே அப்படித்தான். ஆனா இந்த ஒரு சாமானை மட்டும் 'ஓட' வைக்கிற அந்த நிமிஷத்துலதான் வில்லங்கமே ஆரம்பிக்குது. அது எப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி, கையில இருக்கிறது என்னன்னு கண்டுபிடிக்கிற சுவாரஸ்யமான வேலையைப் பார்ப்போம்.

அதுக்கும் முன்னாடி ஒரே ஒரு விதி. எவ்வளவு துருப்பிடிச்சிருந்தாலும் சரி, உள்ளே தோட்டா இருக்குன்னே நினைச்சுக்கங்க. போல்ட்டை இழுக்கிறது, ட்ரிகரைத் தட்டிப் பார்க்கிறது, குழல் வாய்ல கண்ணை வச்சு டார்ச் அடிக்கிறது எதுவும் கூடாது. கீழே சொல்ற எல்லாத்தையும் கையைக் கட்டிக்கிட்டுக் கண்ணாலேயே பார்த்துடலாம்.

நெருப்பு எங்கே வைக்கிறாங்க?

பழைய துப்பாக்கியோட வயசைச் சொல்ற முதல் தடயம், மருந்துக்கு எப்படி நெருப்பு வைக்கிறாங்கங்கிறதுதான்.

எரியுற திரியைக் கொண்டு போய் மருந்துல வச்சா அது திரித் துப்பாக்கி. சுத்தியல் மாதிரி ஒரு கொக்கி, அதோட வாயில சக்கிமுக்கிக் கல் இருந்தா அடுத்த தலைமுறை. 1763-64ல கான்சாகிப் மதுரைக் கோட்டைக்குள்ள இருந்துக்கிட்டு ஆற்காட்டு நவாப்பையும் கும்பெனியையும் எதிர்த்து நின்னப்பவும், 1801ல மருது சகோதரர்கள் சண்டை போட்டப்பவும் கும்பெனிச் சிப்பாய் கையில இருந்தது இந்தக் கல் துப்பாக்கிதான். அப்புறம் தீபாவளி பொட்டு வெடி மாதிரி ஒரு குட்டிக் கேப்பை மாட்டி அதை அடிக்கிற முறை. பிரிட்டிஷ் ராணுவத்துல 1840 வாக்குல அது பரவிடுச்சு. நம்ம கிராமங்கள்ல நாட்டுத் துப்பாக்கின்னு சொல்றது பெரும்பாலும் இந்த ரகம்தான். மருந்தையும் ரவையையும் குழல் வாய் வழியா கெட்டிக்கணும்.

குழலோட பின்பக்கத்துல கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு கைப்பிடி இருந்தா கதையே வேற. தாழ்ப்பாளைத் தூக்கி, பின்னால இழுத்து, முன்னால தள்ளி, கீழே மடக்கினா பூட்டு விழுந்துடும். இதுதான் போல்ட் ஆக்‌ஷன். பிரிட்டிஷ் இந்தியாவோட மிலிட்டரி சாமான்ல இந்தத் தாழ்ப்பாள் இருந்தா, பெரும்பாலும் அது நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல காலங்காலமா நின்ன அதே ஆளுதான். த்ரீ நாட் த்ரீ! அதாவது லீ என்ஃபீல்டு.

லீங்கிறது ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ. போல்ட்டையும் கீழே மாட்டுற மேகஸினையும் வடிவமைச்சவர். என்ஃபீல்டுங்கிறது லண்டனுக்கு வடக்கே அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். அந்தத் தொழிற்சாலைக்குத் துல்லியமான உதிரி பாகங்கள் செஞ்சு கொடுத்த ஒரு சைக்கிள் கம்பெனிதான் அந்தப் பெருமையில தன் பேரை 'ராயல் என்ஃபீல்டு'ன்னு வச்சுக்கிச்சு. புல்லட் வச்சிருக்கிற சீனியர்கிட்ட சொல்லுங்க, காலரைத் தூக்கி விட்டுக்குவார். துப்பாக்கி மாதிரி செய்யப்பட்டதுன்னு விளம்பரம் பண்ணின அந்த பைக் 1955ல மெட்ராஸுக்கு வந்ததும் இங்கேயே தங்கிடுச்சு.

1895ல முதல் லீ என்ஃபீல்டு வந்தது. 1907ல மார்க் 3. முதல் உலகப் போர் நடுவுல, 1916ல, 'சீக்கிரமா, சீப்பா செய்யணும்'னு சில பாகங்களை வெட்டிவிட்டு மார்க் 3 ஸ்டார். இந்தியாவுல நிறையப் பார்க்கிறது இந்தக் குடும்பம்தான். குழல் முனையே தெரியாத அளவுக்கு மொண்ணை மூக்கு இதோட அடையாளம். பத்துத் தோட்டா கொள்ளும். வெறும் எடையே கிட்டத்தட்ட 4 கிலோ. என்.சி.சி.யில இதைத் தோள்ல வச்சு நின்னவங்களைக் கேளுங்க, அந்த 4 கிலோ அரை மணி நேரத்துல எத்தனை கிலோவா ஆகும்னு சொல்லுவாங்க!

கழுத்துல குத்தின பச்சை

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும்போது என்ன பார்ப்போம்? இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், ஆர்.சி. புக். இங்கே ஆர்.சி. புக் துப்பாக்கி மேலேயே பொறிச்சிருக்கும்.

மரப்பிடி ஆரம்பிக்கிற இடத்துல ஒரு இரும்புக் கழுத்து இருக்கும். அதோட வலது பக்கம் பாருங்க. மேலே ஒரு கிரீடம். அதுக்குக் கீழே ராஜாவோட இனிஷியல். ஈ.ஆர்.னு இருந்தா ஏழாம் எட்வர்டு, அதாவது 1910க்குள்ள. ஜி.ஆர்.னா ஜார்ஜ். இந்தியாவுல செஞ்சதுன்னா ஜி.ஆர்.ஐ. அந்தக் கடைசி 'ஐ', இம்ப்பெரேட்டர். அதாவது இந்தியாவுக்குச் சக்கரவர்த்தி! அதுக்குக் கீழே தொழிற்சாலை பேர், வருஷம், மாடல்.

இஷாப்பூர்னு இருந்தா அது கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி கரையில 1904ல வந்த ரைபிள் தொழிற்சாலை. பி.எஸ்.ஏ.ன்னா பர்மிங்ஹாம். லித்கோன்னா ஆஸ்திரேலியா. சுதந்திரத்துக்கு அப்புறம் இஷாப்பூர்ல செஞ்சதுல கிரீடம் போய், அந்த இடத்துல அசோகச் சிங்கம் வந்து உட்கார்ந்துடுச்சு. ஒரு நாடு கைமாறின கதையை ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்துல படிச்சிடலாம்.

அடுத்தது நம்பர். குழல், போல்ட் கைப்பிடியோட பின்பக்கம், மூக்கு மூடின்னு பல இடத்துல ஒரே நம்பர் குத்தியிருக்கும். இது வெறும் கணக்குக்காக இல்லை. ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்தத் துப்பாக்கியோட பொருத்தி, உரசி, சரி பண்ணித்தான் அனுப்புவாங்க. நம்பர் மாறியிருந்தா, எங்கேயோ யாரோ ரெண்டு மூணு துப்பாக்கியைக் கலந்து ஒண்ணு ஆக்கியிருக்காங்கன்னு அர்த்தம்.

மரத்துக்கும் பாஷை இருக்கு. மேகஸினுக்கு முன்னால மரத்தின் குறுக்கே ஒரு ஸ்க்ரூ ஓடினா, அது இஷாப்பூர் கை வேலை. நம்ம வெயிலுக்கும் மழைக்கும் மரம் பிளக்காம இருக்கப் போட்ட கூடுதல் பிடிமானம். முன்பாதி மரம் முழுக்க செம்புக் கம்பி சுத்தியிருந்தா, அது குழல் முனையில கிண்ணம் மாட்டிக் கையெறி குண்டு வீசப் பயன்பட்ட துப்பாக்கி. குழல் வெடிச்சாலும் சிதறாம இருக்கத்தான் அந்தச் சுத்து.

மேகஸின் வழக்கத்தை விடச் சதுரமா இருந்தா அது த்ரீ நாட் த்ரீயே இல்லை. 1962 சீனப் போர்ல நம்ம ஜவான்கள் பழைய .303ஐ வச்சுக்கிட்டு நின்னாங்க. அந்தப் போருக்கு அப்புறம் அதே உடம்புல 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காக இஷாப்பூர்ல செஞ்ச 2ஏ, 2ஏ1 ரகம் அது. தூரத்துல இருந்து பார்த்தா அண்ணன் தம்பி. தோட்டா மட்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது.

'டி.பி.'ன்னு குத்தி, வெள்ளை பெயின்ட்டுல பட்டை அடிச்சிருந்தா ட்ரில் பர்ப்பஸ். பரேடுக்கு மட்டும்னு ஒதுக்கினது.

உருவம் புலி, உள்ளே பூனை

இப்ப கொஞ்சம் கோவம் வர்ற சமாச்சாரம்.

பார்க்க அச்சு அசல் த்ரீ நாட் த்ரீ மாதிரியே இருக்கும். ஆனா மேகஸினுக்குள்ள மரக்கட்டையை வச்சு அடைச்சிருப்பாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தோட்டாதான் போடலாம். குழலுக்குள்ள சுழல் வரியும் இருக்காது, மொழுமொழுன்னு இருக்கும். அந்தச் சுழல் வரிக்குப் பேருதான் ரைஃப்ளிங். அது இருந்தாதான் குண்டு பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டு நேரா போகும், அது இருந்தாதான் ரைபிள்னே பேரு. அது இல்லாத இந்த ரகத்துக்குப் பேர் .410 மஸ்கட். வெள்ளைக்காரன் காலத்துல இந்தியப் போலீசுக்கும் காவலுக்கு நிக்கிறவங்களுக்கும் கொடுக்கறதுக்காக நல்ல ரைபிளையே இப்படி மாத்தினாங்க.

ஏன்? நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். 1857 கலகத்துக்கு அப்புறம் இந்தியச் சிப்பாய்க்குன்னே வரியில்லாத குழலோட தனி மஸ்கட் செஞ்சாங்க. வெள்ளைக்காரப் படைக்குப் புதுசு வந்தா, அவங்க கழிச்சுக் கட்டின பழசு நம்மாளுக்கு. அந்தப் பழக்கம் பல வருஷம் ஓடுச்சு. 1878ல ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்னா லைசென்ஸ் வேணும், ஐரோப்பியருக்கு விலக்கு. நம்ம சீமைக்கு அது இன்னும் முன்னாடியே தெரியும். 1801 அக்டோபர் 24ல மருது சகோதரர்களைத் திருப்பத்தூர்ல தூக்குல போட்டாங்க. அதே டிசம்பர்ல பாளையக்காரங்க ஆயுதத்தையெல்லாம் ஒப்படைக்கணும், கோட்டையெல்லாம் இடிக்கணும்னு மெட்ராஸ் கவர்னர் பிரகடனம்.

பரண்ல கெடக்கிற அந்த மொழுமொழு குழல் இத்தனையும் பேசும். ஆனா யாராவது கிரைண்டிங் மெஷின்ல வச்சு ஒரு தேய் தேய்ச்சாங்கன்னா வாயை மூடிக்கும். கிரீடம், வருஷம், நம்பர் எல்லாம் காலி. மிச்சம் நாலு கிலோ இரும்பும் கட்டையும்தான்.

இன்னொண்ணு. முத்திரை இருந்தாலே ஒரிஜினல்னு நம்பிடாதீங்க. இப்போ பாகிஸ்தான்ல இருக்கிற பெஷாவர் பக்கத்து மலைக் கிராமங்கள்ல, கைக் கருவிகளை வச்சே என்ஃபீல்டை அப்படியே காப்பியடிக்கிற பட்டறைகள் நூறு வருஷத்துக்கு மேலா இருந்திருக்கு. வேலைப்பாடு அசத்தும், ஆனா ஸ்பெல்லிங்ல மாட்டிக்குவாங்க! ஆங்கில 'என்' எழுத்து கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பி இருக்கும். விக்டோரியா ராணியோட இனிஷியலைப் போட்டுப் பக்கத்துல 1907னு வருஷம் போட்டிருக்கும். ராணியம்மா போய்ச் சேர்ந்ததே 1901ல!

சட்டம் என்ன சொல்லுது?

சரி, என்ன சாமான்னு கண்டுபிடிச்சாச்சு. இனி அந்த அஞ்சாயிரம் ரூபாய் கேள்வி. வாங்கலாமா? ரிப்பேர் பண்ணலாமா?

இப்ப நடைமுறையில இருக்கிறது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், கூடவே 2016 ஆயுத விதிகள். எந்தத் துப்பாக்கியையும் லைசென்ஸ் இல்லாம வாங்கவோ வச்சிருக்கவோ கூடாதுன்னு 3ஆம் பிரிவு சொல்லுது. அதுலயும் .303, 7.62 போன்ற ராணுவத் தோட்டா போடுற ரைபிள்கள் தடை செய்யப்பட்ட வகை. மேலே சொன்ன அந்தப் பாவப்பட்ட .410 மஸ்கட்டும் அதே பட்டியல்லதான் இருக்கு. கலெக்டர் ஆபீஸ்ல ஃபார்ம் வாங்கி நிரப்பினா கிடைக்கிற லைசென்ஸ் இதுக்குச் செல்லாது, மத்திய அரசோட தனி அனுமதி வேணும். சாதாரண லைசென்ஸ் துப்பாக்கியை ஒருத்தர் இன்னொரு லைசென்ஸ்காரருக்கு விக்கிறதா இருந்தாலே எழுத்து மூலமா தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்கணும். காயலான் கடையில 'அஞ்சாயிரம் குடுங்க தம்பி'ங்கிறதுக்கு இந்தச் சட்டத்துல எங்கேயும் இடமில்லை.

"ஆனா இது பழம்பொருளாச்சே பாஸ்? ஆன்ட்டிக்!" அங்கேதான் 45ஆம் பிரிவு வருது. அதுல ஒரு விலக்கு இருக்கு. வழக்கொழிஞ்ச பாணியில இருக்கிற, இல்லேன்னா தொல்பொருள் மதிப்புள்ள, இல்லேன்னா பழுதான ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஹையான்னு குதிக்காதீங்க. கூடவே ஒரு வால் இருக்கு. அந்த ஆயுதம், ரிப்பேர் செஞ்சாலும் சரி, செய்யாட்டியும் சரி, துப்பாக்கியா பயன்படுத்தவே முடியாததா இருக்கணும்.

இன்னொரு தடவை படிங்க. 'இப்ப சுடாது'ங்கிறது போதாது. ரிப்பேர் பண்ணினாலும் சுடவே கூடாது. கடைக்காரர் சொன்ன "சுடாது தம்பி, நீங்க ரெடி பண்ணிக்கலாம்"ங்கிற அந்த ஒரே வரியிலேயே விலக்கு செத்துப்போச்சு. ரெடி பண்ண முடியும்னா அது பழம்பொருள் இல்லை, துப்பாக்கி!

அதுக்கு மேல, ரிப்பேர் பண்றதே 5ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் வேணும்கிற தொழில். தயாரிக்கிறது, விக்கிறது, மாத்தி அமைக்கிறது, ரிப்பேர், சோதனை எல்லாம் ஒரே வரிசையில வருது. அதை மீறினா, 2019 திருத்தத்துக்கு அப்புறம், குறைஞ்சபட்சமே 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். நாலு வருஷ பி.ஈ.யில அரியர் வச்சுக் கழிச்சாலும் ஏழு வருஷம் ஆகாது பாஸ்!

"முழுத் துப்பாக்கி வேணாம், போல்ட்டை மட்டும் வாங்கி மேஜையில வைக்கிறேனே"ன்னு கேக்குற ஆளும் உண்டு. சின்னச் சின்ன பாகங்களுக்கு அதே 45ல ஒரு விலக்கு இருக்கறது உண்மைதான். ஆனா அந்தப் பாகத்தை, உங்ககிட்டயோ வேற யாருகிட்டயோ இருக்கிற மிச்ச பாகங்களோட சேர்க்கிற எண்ணம் இருக்கக் கூடாது. எண்ணத்தைக் கோர்ட்ல நிரூபிச்சுக்கிட்டு இருக்க உங்களுக்கு நேரம் இருக்கா?

அப்புறம், 'இது சுடவே முடியாது'ன்னு முடிவு சொல்றது நீங்களோ நானோ இல்லை. கேஸ்னு வந்துட்டா தடய அறிவியல் நிபுணர் பார்த்துத்தான் சொல்லணும். அவர் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நீங்க எங்கே இருப்பீங்கங்கிறதை யோசிச்சுக்கங்க.

இன்ஜினியர் என்ன சொல்றான்?

சட்டத்தைக் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. வெறும் மெஷின் டிசைன் பாடமாவே பார்ப்போம்.

பைக் டயர்ல ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமாரா 2 கிலோ அழுத்தம். .303 வெடிக்கிற அந்தக் கணத்துல குழலோட பின் அறையில ஏறக்குறைய 3000 கிலோ. ஆயிரத்து ஐந்நூறு மடங்கு! அதைத் தாங்குறது அந்தத் தாழ்ப்பாள்ல இருக்கிற ரெண்டு சின்னப் பிடிகள். அது இருக்கிற இடம் சுடுறவரோட முகத்துக்குப் பக்கத்துல.

அந்த இரும்பை அந்தந்த இடத்துல அவ்வளவு கடினமா ஆக்க, தொழிற்சாலையில சூடு பண்ணி, ஆற வச்சு, பதம் கொடுத்திருப்பாங்க. நம்ம பட்டறை அண்ணன் அதுல ஒரு வெல்டிங் வச்சார்னா, அந்த இடத்துப் பதம் போயே போச்சு. வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே வெல்லக்கட்டி. வேற துப்பாக்கியோட போல்ட்டை மாட்டினா தோட்டாவுக்குப் பின்னால இடைவெளி மாறும். கூடிப்போனா பித்தளைக் கூடு கிழிஞ்சு, சூடான வாயு பின்பக்கமா பீச்சும். பார்வைக்குத் தெரியாத விரிசல் வேற இருக்கலாம். அந்தக் காலத்துத் தோட்டாவோட கேப்புல உப்பு மிச்சம் விடுற ரசாயனம் இருந்தது. அதனாலதான் சிப்பாய்ங்க சுட்டு முடிச்சதும் குழல்ல கொதிக்கிற தண்ணியை ஊத்திக் கழுவி, புல் த்ரூ கயித்துல துணியைக் கட்டி இழுத்து, எண்ணெய் போட்டு வச்சாங்க. யாரோ ஒருத்தர் அதைச் செய்யாம விட்டிருந்தா, எழுபது எண்பது வருஷமா உள்ளே அரிச்சுக்கிட்டே இருந்திருக்கும்.

டி.பி. முத்திரை குத்தினதைக் 'கொஞ்சம் சரி பண்ணி' சுடுறது இதையெல்லாம் விட மோசம். இது இனி சுடத் தகுதியில்லைன்னு ஒரு இன்ஸ்பெக்டர் பார்த்துத்தான் அந்த முத்திரையைக் குத்தினார்.

அப்போ என்னதான் பண்றது?

காயலான் கடை கேஸ்னா பதில் ஒரே வார்த்தை. வாங்காதீங்க. 'சும்மா ஒரு போட்டோ'ன்னு கையில தூக்கிப் பிடிக்கவும் வேணாம்.

பரண் கேஸ் வேற. அது உங்க வீட்டுல இருக்கு, இனி கண்ணை மூடிக்க முடியாது. முதல்ல அப்பத்தாகிட்ட, பெரியப்பாகிட்ட கேளுங்க. தாத்தா பேர்ல லைசென்ஸ் புக் இருந்ததா? எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைச்சு, முடிஞ்சதும் வாங்கிட்டு வருவாரா? இருந்ததுன்னா அந்தப் புத்தகத்தைத் தேடி எடுங்க. வாரிசுக்கு மாத்துறதுக்கு விதிகள்ல வழி இருக்கு.

ஒண்ணும் இல்லேன்னா, 21ஆம் பிரிவு இருக்கு. வச்சிருக்கிறது சட்டப்படி செல்லாதுன்னு ஆன ஆயுதத்தைத் தாமதிக்காம போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும்னு அது சொல்லுது. 'சரி, சாக்குல சுத்தி பைக்ல வச்சு எடுத்துட்டுப் போறேன்'னு கிளம்பிடாதீங்க. வழியில செக்கிங்ல மாட்டினா, ஒப்படைக்கத்தான் போறேன்னு சொன்னா யார் நம்புவா? இருக்கிற இடத்துலயே வச்சுட்டு, பெரியவங்களோட போய், முடிஞ்சா ஒரு வக்கீலையும் கூட்டிக்கிட்டு, ஸ்டேஷன்ல எழுத்துல சொல்லுங்க. அவங்க வந்து எடுத்துக்கட்டும். ஒப்புகைச் சீட்டு கட்டாயம் வாங்கிக்கங்க. இது நூறு வருஷத்துப் பழசுன்னு தோணினா, மியூசியத்துக்குப் போக வேண்டியதா இருக்கலாம்னு அந்த மனுவிலேயே ஒரு வரி சேருங்க. நூறு வருஷம் தாண்டினதுக்கு 1972 தொல்பொருள் சட்டம்னு தனியா ஒண்ணு இருக்கு.

"என்ன பாஸ், கடைசி வரைக்கும் ஸ்பானரைக் கையில எடுக்கவே விடலையே"ன்னு கேட்கிறீங்களா? மியூசியத்துல பழைய ஆயுதங்களைப் பாதுகாக்கிறவங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவங்க வேலைக்கு ரிப்பேர்னு பேர் இல்லை, பாதுகாப்பு. முதல்ல அளவு, படம், முத்திரை எல்லாத்தையும் பதிவு பண்ணுவாங்க. செந்துரு இன்னும் தின்னுக்கிட்டு இருக்கிற துரு, அதை மட்டும் மெதுவா நிறுத்துவாங்க. கறுப்பும் பழுப்புமா படிஞ்சு இறுகிப்போனது வயசோட நிறம், அதைத் தொட மாட்டாங்க. மரத்துல உப்புத்தாள் படாது, ஏன்னா முத்திரை மரத்துலயும் இருக்கும். கைவியர்வையோட உப்பு இரும்பைக் கெடுக்கும்னு கையுறை போட்டுக்குவாங்க. பின்னால வர்றவங்க வேணாம்னா திரும்ப எடுத்துடுற மாதிரிதான் எதையும் செய்வாங்க. நம்ம சிலபஸ்ல இப்படி ஒரு பாடம் கிடையாது. எதையும் மாத்தாம விடுறதும் ஒரு இன்ஜினியரிங் முடிவுதான்.

ஆசை தீரப் பார்க்கணுமா? நிறைய இடம் இருக்கு. மதுரையிலிருந்து பஸ் ஏறி ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் போங்க, வளரியும் பழைய ஆயுதங்களும் இருக்கு. சென்னைக்கு இன்டர்வியூவுக்குப் போனா எழும்பூர் மியூசியம், கோட்டை மியூசியம் ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம். தஞ்சாவூர் ஆயுதசாலையில இருந்து வந்த சாமான்கள் எழும்பூர்ல இருக்கு. கையில பிடிச்சே ஆகணும்னா காலேஜ் என்.சி.சி. யூனிட்ல சேருங்க. டியூட்டியில இருக்கிற கேடட்டுக்கு அதே 45ஆம் பிரிவு விலக்கு கொடுக்குது. துப்பாக்கியைத் துடைக்கிறதுக்கே அங்கே தனியா ஒரு பாடம் இருக்கு.

நூறு வருஷத்துக்கு மேல உழைச்ச ஆள் இந்த த்ரீ நாட் த்ரீ. 2008ல மும்பை ஸ்டேஷன்ல ஏ.கே. 47க்கு எதிரே நம்ம காவலர்கள் கையில இருந்தது இதுதான். 2020 குடியரசு தினத்தோட உத்தரப்பிரதேச போலீஸ் அதுக்கு விடை கொடுத்து அனுப்பிடுச்சு. அதனால இனிமே பரண்லயும் பழைய இரும்புக் கடையிலயும் இது நம்ம கண்ணுல படுறதுக்கு வாய்ப்பு கூடத்தான் செய்யும். பட்டா, கழுத்துல இருக்கிற முத்திரையைப் படிங்க, வருஷத்தைக் குறிச்சுக்கங்க, ஸ்டேஷனுக்குச் சொல்லுங்க. ஸ்பானர் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அடுத்த வாரம், சத்தியமா கழட்டி மாட்டலாம்னு ஒரு சாமான்: தாத்தாவோட வால்வு ரேடியோ. ஸ்க்ரூ டிரைவரோட ரெடியா இருங்க!